முப்பத்து நான்கு டிகிரி

டிசம்பர் 9, செவ்வாய்

வீட்டுக்காரர் போஜராஜ் எங்கள் வெந்நீரைத் திருடுகிறார்.

இதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத முடியும். ஐந்து நாளாகக் கீசரில் வெதுவெதுப்பான தண்ணீர்தான் வருகிறது. விளக்கு எரிகிறது. முக்கால் மணி நேரம் காத்திருக்கிறேன். வெந்நீர்க் குழாயைத் திறந்தால் குழந்தையின் மூத்திரச் சூடு. சமையலறைக் குழாயிலும் அதே. கோத்தகிரியில் டிசம்பர் மாதத்தில் இதற்கு வெந்நீர் என்று பெயர் வைக்க முடியாது. கீழே அவர்கள் குளியலறை ஜன்னலிலிருந்து காலை ஆறு மணிக்கு ஆவி குபுகுபுவென்று வெளியே போகிறது. இரண்டு வீட்டுக்கும் கரண்டு மீட்டர் ஒன்றுதான். நாங்கள் இருக்கும் மாடிக்கு இன்னொரு சாவி அவரிடம் இருக்கிறது. நான் எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி லேபுக்குப் போனால் திரும்ப மாலை ஆறு ஆகும். அதுவரை வீட்டில் அப்பா மட்டும். ஏறி வந்து கீசரின் சூட்டைக் குறைத்து வைக்க ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். குடிவந்த அன்றே "கீசர அரை மணி நேரத்துக்கு மேல போட்டு வைக்காத பாப்பா" என்று சொன்ன மனிதர். வேறு விளக்கம் இல்லை.

அப்பாவிடம் கேட்டால், "எனக்கு நல்லாத்தான் இருக்கு புள்ள" என்கிறார். முப்பத்தைந்து வருஷம் எஸ்டேட் ஃபாக்டரியில் உழைத்தவர். எதைக் கொடுத்தாலும் நல்லாத்தான் இருக்கும். ரிட்டயரான மாதமே எஸ்டேட் தொழிலாளருக்குக் கொடுக்கும் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னபோதும் இதே வாக்கியத்தைத்தான் சொன்னார். இந்த வாக்கியத்தை நம்பித்தான் மலையில் தேயிலை விளைகிறது.

டிசம்பர் 10, புதன்

நேற்று கோபத்தில் விஷயத்தை எழுதாமல் விட்டேன். வெந்நீர் எனக்கு வேண்டியதில்லை. அப்பாவின் வலது கைக்கு வேண்டும்.

ஜூலை 15 அன்று காலை டீ கிளாஸ் அவர் கையிலிருந்து விழுந்தது. பக்கவாதம். பேச்சு மூன்று வாரத்தில் திரும்பியது, கால் தீபாவளிக்குள் ஓரளவு திரும்பியது. கை வரவில்லை. விரல்கள் மடங்கிக் கிடக்கின்றன, தொட்டால் தெரிவதில்லை. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் பிரின்ஸி, கையைக் காலையும் மாலையும் இருபது நிமிடம் நாற்பது டிகிரித் தண்ணீரில் வைத்துவிட்டு ஒவ்வொரு விரலாக விரிக்கச் சொல்லியிருக்கிறார். நாற்பதுக்கு மேல் கூடாது, சுட்டாலும் அவருக்குத் தெரியாது. குறைந்தாலும் பயன் இல்லை, குளிரில் விரல் இறுகிவிடும். "மொத ஆறு மாசம் முக்கியம் நிரோஷினி. அதுக்கப்புறம் வர்றது ரொம்பக் கொஞ்சம்" என்றார். ஆறு மாதம் ஜனவரி 15 அன்று முடிகிறது. பொங்கல்.

அதனால் லேபிலிருந்து ஒரு தெர்மாமீட்டர் கொண்டுவந்திருக்கிறேன். யாரிடமும் கேட்கவில்லை. ஒப்பந்த ஊழியருக்கு இதைக்கூடக் கொடுக்காத நிர்வாகத்திடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது.

வெந்நீர்க் குழாய்: 34.

இன்னொன்றும் எழுத வேண்டும். கார்த்திகை தீபத்து நாள் வரை நான்தான் அப்பாவைக் குளிப்பாட்டினேன். இடுப்புத் துண்டோடு ஸ்டூலில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார். நானும் சுவரைப் பார்த்துக்கொண்டே ஊற்றுவேன். மறுநாள், "இனிமே நானே குளிச்சுக்கறேன். பக்கெட்ட வச்சிட்டு வெளிய போ" என்று கதவைச் சாத்திக்கொண்டார். விழுந்து மண்டையை உடைத்துக்கொள்வீர்கள் என்று கத்தினேன். பிறகு சமையலறையில் பதினைந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஐந்து மாதத்தில் முதல்முறை. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

டிசம்பர் 11, வியாழன்

34.

டிசம்பர் 12, வெள்ளி

33. கேஸில் தண்ணீர் வைத்துப் பானையைத் தூக்கி வந்ததில் மணிக்கட்டில் சூடு பட்டது. லேபில் ரத்தம் எடுக்க வந்த கிழவர், "உங்களுக்கே கட்டுப் போட்டிருக்கு, எனக்கு ஊசி குத்தப் போறீங்களா" என்றார். சிரித்தேன். இந்த வாரத்தில் அது ஒன்றுதான் சிரிப்பு.

இன்னொரு விஷயம் உறுத்துகிறது. அப்பா குளித்துவிட்டு வந்த பிறகு பக்கெட்டில் முக்கால்வாசித் தண்ணீர் அப்படியே இருக்கிறது. தலை ஈரமாக இருக்கிறது. சோப்பு வாசனையும் வருகிறது. குளிரில் நாலு மக் ஊற்றிக்கொண்டு, குளித்துவிட்டேன் என்று என்னிடம் நடிக்கிறார். இதற்கும் போஜராஜ்தான் பதில் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 14, ஞாயிறு

பஜாரிலிருந்து ஜலீல் பாயைக் கூட்டி வந்தேன். கீசர், கிரைண்டர், மோட்டார் எல்லாம் பார்ப்பவர். ஏணியில் ஏறி மூடியைக் கழற்றினார்.

"வீட்டுக்காரரு கொறச்சு வச்சிருக்காரு, பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

"யாரும் கொறைக்கல சிஸ்டர். ஃபுல்லுலதான் இருக்கு."

"நீங்க வர்றது தெரிஞ்சு ஏத்தி வச்சிருப்பாரு. நான் சிஸ்டர் இல்ல பாய், லேப் டெக்னீஷியன்."

"ஊசி குத்துறீங்கல்ல? அப்ப சிஸ்டர்தான்."

உள்ளே இருந்த ஹீட்டர் காயிலை வெளியே எடுத்துக் காட்டினார். "கோயம்புத்தூர்ல கழட்டினா இதுல சுண்ணாம்பு கல்லு கல்லா ஒட்டியிருக்கும். நம்ம மலைத்தண்ணியில உப்பே கெடையாது. கல்யாணப் பொண்ணு வளையல் மாதிரி மின்னுது பாருங்க." சந்தேகத்துக்கு தெர்மோஸ்டாட்டை மட்டும் மாற்றினார். போகும்போது தரையைத் துடைத்தார், எல்லாக் குழாயையும் இறுக்க மூடினார். சுத்தமான வேலைக்காரர்.

ஒரு மணி நேரம் கழித்து அளந்தேன். 52.

மூன்று தடவை அளந்தேன். 52, 52, 53. பச்சைத் தண்ணீர் கலந்து சரியாக நாற்பதுக்குக் கொண்டுவந்து அப்பாவின் கையை வைத்தேன். இருபது நிமிடமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஜலீல் பாய் நன்றாக இருக்க வேண்டும். அவர் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும். நான் இப்படியெல்லாம் எழுதுகிறவள் இல்லை.

அப்பாவுக்குப் பெரிய சந்தோஷம் எதுவும் இல்லை. குளியலறைக்குள் போய் வெகுநேரம் எதையோ பார்த்துக்கொண்டு நின்றார்.

டிசம்பர் 15, திங்கள்

மாலை: 34.

டிசம்பர் 17, புதன்

ஜலீல் பாயின் புது தெர்மோஸ்டாட் டூப்ளிகேட்டாக இருக்கலாம். ஆனால் டூப்ளிகேட் ஒரு நாள் மட்டும் உழைத்துவிட்டு நிற்குமா?

இன்று தெளிவான தடயம் கிடைத்தது. சமையலறைத் தொட்டியில் கழுவாத டீ கிளாஸ் இரண்டு.

"யாருப்பா வந்தது?"

"போஜராஜு வந்திருந்தாரு."

"எதுக்கு?"

"சும்மாத்தான். டீ போட்டுக் குடுத்தாரு."

"தினமும் வர்றாரா?"

"மத்தியானம் வருவாரு."

ஒரு வீட்டுக்காரர், சொந்தமாகத் தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர், மத்தியானம் மாடியேறி வந்து குடித்தனக்காரனுக்கு டீ போட்டுக் கொடுக்கிறாராம். சும்மாவாம். அப்பா நம்புவார். அவர் எல்லாரையும் நம்புவார். இந்த வீட்டில் குடியிருக்க வந்து எட்டு மாதம் ஆகிறது, இதுவரை கீழ்வீட்டின் முன் அறையைத் தாண்டி ஒருநாளும் எங்களை உள்ளே கூப்பிட்டதில்லை. அங்கேயே உட்காரவைத்து, அங்கேயே பேசி, அங்கேயே அனுப்பிவிடுவார்கள். நாங்கள் யார், எந்த லயத்திலிருந்து வந்தோம் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் எங்களிடம் எதையும் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்துகொள்கிறவர்களைத்தான் நான் நம்புவதில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

34. நான் இந்த எண்ணை வெறுக்கிறேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

கீழே போனபோது அவர் வீட்டுக்கு ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். தலைப்பாகை கட்டிய பெரியவர்கள் இருவர், இரண்டு பெண்கள். திரும்பி வந்திருக்கலாம். வரவில்லை.

"சார், நான் வேலைக்குப் போன பிறகு மேல வந்து கீசர என்ன பண்றீங்க?"

போஜராஜ் கையில் வெற்றிலைத் தட்டோடு அப்படியே நின்றார். "என்ன பாப்பா?"

"எங்க அப்பாவுக்குக் கை வரலன்னா அதுக்கு நீங்கதான் காரணம். உங்க கரண்டு பில்லுக்காக ஒரு மனுசனோட கை போகுது. அத மட்டும் தெரிஞ்சுக்கங்க."

அவர் மனைவி கிரிஜா அக்கா சமையலறை வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தார். போஜராஜ் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "சன்னாசி கையா?" என்றார். அப்பாவின் பெயரைச் சொல்லி அப்படிக் கேட்டார். நான் ஏறி வந்துவிட்டேன்.

படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினேன். கோபத்தில்.

டிசம்பர் 22, திங்கள்

காலை ஆறு மணிக்குக் கதவு தட்டினார்கள். காலி செய்யச் சொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கிரிஜா அக்கா. கையில் மூடி போட்ட பக்கெட். ஆவி மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தது.

"கைக்கு வேணும்னியே. பாத்துக் கலந்துக்கோ, கொதிக்கக் கொதிக்க இருக்கு."

வைத்துவிட்டு இறங்கிப் போனார். பதினான்கு படி. அவருக்கு முழங்கால் வலி உண்டு, என் லேபில்தான் போன மாதம் ரத்தம் கொடுத்தார்.

அளந்தேன். 78. குற்ற உணர்ச்சியில் செய்கிறார்கள் என்று முடிவுசெய்தேன். வெந்நீர் வெந்நீர்தான், வாங்கிக்கொண்டேன்.

டிசம்பர் 23, செவ்வாய்

ஆறு மணிக்குப் பக்கெட். மாலையும் ஒன்று.

டிசம்பர் 24, புதன்

ஆறு மணிக்குப் பக்கெட்.

டிசம்பர் 26, வெள்ளி

ஆஸ்பத்திரியில் பிரின்ஸி அப்பாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விரல் கொஞ்சம் இளகியிருக்கே. ஐயா, வீட்ல நல்லா எக்சர்சைஸ் பண்றீங்க போல?"

அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

"எங்க பண்றாரு? எல்லாம் நான் பிடிச்சு விரிச்சாத்தான்" என்றேன். பந்தைப் பிடிக்கச் சொன்னார் பிரின்ஸி. பிடிக்கவில்லை. பந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. அப்பா அதைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைப் பார்த்தார். இன்னும் இருபது நாள்.

டிசம்பர் 31, புதன்

விடிகாலையில் வண்டி சீட்டுகளின் மேல் உறைபனி. கிரிஜா அக்கா ஏழாவது படியில் பக்கெட்டை வைத்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். பத்து நாளாக இப்படி நின்று நின்றுதான் ஏறியிருக்கிறார் போல. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இறங்கிப் போய்ப் பக்கெட்டை வாங்கினேன்.

"நாளையிலருந்து நானே கீழ வந்து எடுத்துக்கறேன்க்கா."

"இப்பவே வா, இன்னும் அரை பக்கெட்டு இருக்கு" என்று முன்னால் நடந்தார். முன் அறை, பிறகு சமையலறை, பிறகு பின்கட்டு. எட்டு மாதத்தில் நான் பார்க்காத அறைகள். யாரும் என்னை நிறுத்தவில்லை. ஒருவேளை யாரும் எப்போதும் நிறுத்தியிருக்கவில்லை என்றும், நான்தான் முன் அறையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துவிட்டு எழுந்து ஓடினேன் என்றும் ஒருவர் வாதிடலாம். நான் அதை முழுக்க ஏற்கவில்லை. பாதி ஏற்கிறேன்.

குளியலறையில் செம்பு பாய்லர். அடியில் விறகு எரிகிறது. தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டிய குச்சிகள், கட்டுக் கட்டாக. ஆவி ஜன்னல் வழியாகப் போகிறது.

சுவரை நாலு பக்கமும் பார்த்தேன். "கீசர் எங்கக்கா?"

"எங்களுக்கு எதுக்கு அது? குச்சிதான் தோட்டத்துல கெடக்கே. குடியிருக்க வர்றவங்க பாவம், பனியில விறகோட மல்லுக்கட்ட முடியாதுன்னு ஒண்ணே ஒண்ணு வாங்கி மேல மாட்டினாரு."

பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வருஷத்தின் கடைசி நாளில் இதை எழுதிவைப்பது நல்லது: இந்த வீட்டில் இருக்கும் ஒரே கீசர் எங்களுடையது.

ஜனவரி 2, வெள்ளி

மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை கீழே போனேன். இரண்டு தடவையும் வெந்நீர் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

ஜனவரி 4, ஞாயிறு

போஜராஜே ஜலீல் பாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். எழுபது வயது. ஏணியை அவரே தோளில் போட்டுக்கொண்டு மாடியேறினார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "பாய், இந்தப் பாப்பா சொல்றது நெசம், நான் மத்தியானம் கை கழுவுறப்ப பாத்தேன், தண்ணி வெதுவெதுன்னுதான் வருது. கண்டுபிடிக்காம நீ கீழ எறங்கக் கூடாது" என்றார்.

எங்கள் குளியலறையில் பச்சைத் தண்ணீருக்கு ஒரு குழாய், வெந்நீருக்கு ஒரு குழாய். மூன்றாவதாக ஒரு மிக்ஸர் இருக்கிறது. சிவப்பும் நீலமுமாக இரண்டு திருகு, இரண்டும் கலந்து ஒரு நீள ட்யூபில் கைஷவருக்குப் போகும். கைஷவரின் பிடியை அமுக்கினால் தண்ணீர் வரும், விட்டால் நிற்கும். முன்பு குடியிருந்தவர்கள் மாட்டியது. நான் பக்கெட்டில் குளிக்கிறவள், அதைத் தொட்டதே இல்லை.

ஜலீல் பாய் கீசருக்குள் போகிற பச்சைத் தண்ணீர் வால்வை இறுக்க மூடினார். "சிஸ்டர், கீசருக்குள்ள தண்ணி போகல. இப்ப வெந்நீர்க் குழாயத் திறந்தா என்ன வரணும்?"

"ஒண்ணும் வரக் கூடாது."

திறந்தார். தண்ணீர் வந்தது. ஐஸ் மாதிரி.

"அப்ப இது எங்கருந்து வருது?" மெதுவாகத் திரும்பி மிக்ஸரைப் பார்த்தார். இரண்டு திருகும் திறந்திருந்தன. "அடப்பாவமே. கைஷவர விட்டதும் முன்பக்கம் அடைச்சிருது, ஆனா பின்னால ரெண்டும் திறந்து கெடக்கு. பச்சத்தண்ணி இது வழியா வந்து வெந்நீர் பைப்புல ஏறுது. கீசரு பாவம், அது ஒழுங்காத்தான் காய்ச்சுது. போன தடவ நான் இத மூடிட்டுப் போனேனே, யாரு மறுபடி திறந்தது?"

நான் போஜராஜைப் பார்த்தேன். பழக்கதோஷம்.

"நாந்தான் பாய்" என்றார் அப்பா. வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஃபாக்டரில எனக்கு டிரையர் வேல. சூட்டுக் காத்துக்கு ஒரு கதவு, பச்சக் காத்துக்கு ஒரு கதவு. ரெண்டையும் ஒருதடவ சரியா வச்சிட்டா ஷிப்டு முடியற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. தொட்டா எல கருகிரும். மிச்சத்த எல எறக்குற பக்கம்தான் பாத்துக்கணும். அந்த மாதிரிதான் இதையும் ஒருதடவ சூடு பாத்து வச்சேன். கைஷவர விட்டா நிக்குதே, அப்புறம் எதுக்கு மூடணும்னு..."

ஆக, அவர் குளித்த தண்ணீர் சரியான சூட்டில்தான் இருந்திருக்கிறது. எனக்கு நல்லாத்தான் இருக்கு என்று ஒரு மாதமாக உண்மையைச் சொல்லியிருக்கிறார். பக்கெட் நிறைய மிச்சமானதும் அதனால்தான். பக்கெட்டையே அவர் தொடவில்லை.

ஜலீல் பாய் சிரிக்க ஆரம்பித்தார். "டிரையர்க்காரரே, ஒரு மாசமா ஒரு தெர்மோஸ்டாட்டு, ஒரு மெக்கானிக்கு மானம், ஒரு வீட்டுக்காரரு மானம், மூணையும் காலி பண்ணிட்டீங்க."

போஜராஜ் சிரிக்கவில்லை. சுவரில் நான் மாட்டிவைத்த கைப்பிடிக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சன்னாசி. நின்னுதான குளிக்கற?"

"ஆமா."

"எடது கையில இந்தக் கம்பியப் பிடிச்சிருப்ப. விட்டா விழுந்துருவ."

"ஆமா."

"அப்ப எந்தக் கையால அமுக்கின?"

அப்பா என்னைப் பார்க்காமல் உள்ளே வந்தார். இடது கையால் கம்பியைப் பிடித்தார். கைஷவர் மாட்டியிருந்த இடத்தில் வலது கையைக் கொண்டுபோய் ஏதோ மூட்டையைத் தூக்கிவைப்பதுபோல் வைத்தார். பெருவிரல் ஒரு பக்கம், மற்ற நாலும் மறுபக்கம். தாடை இறுகியது. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நாலு விரலும் மெல்ல உள்ளே மடங்கின. தண்ணீர் சீறிக்கொண்டு போய் ஜலீல் பாயின் சட்டையில் விழுந்தது.

"பரவால்ல பரவால்ல, அடிங்க" என்றார் ஜலீல் பாய், நகராமல்.

நான் சமையலறைக்குப் போய் அடுப்பைத் துடைத்தேன். அடுப்பு அழுக்காக இருந்தது.

ஜனவரி 5, திங்கள்

"ஏன் சொல்லல?"

"மொத நாளு அமுக்கினப்ப எனக்கே நெசமான்னு தெரியல புள்ள. மறுநாள் வரல. அதுக்கு மறுநாள் வந்துச்சு. உன்கிட்ட சொல்லி, நீ லேப் பூரா சொல்லி, அப்புறம் வராமப் போச்சுன்னா?"

"அன்னைக்கு பிரின்ஸிகிட்டயாவது காட்டியிருக்கலாம்ல?"

"பந்து வேற, இது வேற. பந்த அமுக்கி என்னத்துக்கு ஆகுது? இத அமுக்கினா தண்ணி வருது."

அவர் கையை எடுத்து விரல்களை விரித்துவிட்டேன். நாலாவது விரலில் அவரே சொன்னார். "நீ செவுத்தப் பாத்துக்கிட்டே ஊத்துனல்ல. அத என்னால பாக்க முடியல."

ஜனவரி 6, செவ்வாய்

கீழே போனேன். இந்தத் தடவை பக்கெட் கொண்டுபோகவில்லை. போஜராஜ் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னது தப்பு சார். ஆளுங்க முன்னால சொன்னது இன்னும் பெரிய தப்பு."

"ம்."

"உங்களத் திருடன்னு நெனச்சேன்."

"அதான் தெரிஞ்சுதே." பேப்பரை மடித்தார். "என் வீட்டுல கரண்டுப் பில்லு பாத்து அரை மணி நேரம்னு சொன்னதும் நாந்தான். நீ நெனச்சதுல தப்பில்ல. வீட்டுக்காரன்னா அப்படித்தான்." பிறகு, "அவனத் தனியா விட்டுட்டு நீ போறது எங்களுக்குத் தெரியும்ல. அதான் மத்தியானம் போவேன். எல வெலயப் பத்திப் பேசுவோம். அவன் காய்ச்சின எல, நான் பறிச்ச எல. ரெண்டு பேருக்கும் கட்டுபடியாகல. அதுல ஒரு சினேகம்."

கிரிஜா அக்கா உள்ளே இருந்து, "உள்ள வந்து உக்காரச் சொல்லுங்க, வாசப்படியிலயே நிக்க வச்சுப் பேசறீங்க" என்றார். போய் உட்கார்ந்தேன். சமையலறையில், முக்காலியில், முழுக்க. அவரைக் கேட்ட வார்த்தைக்கு இந்த மரியாதை அதிகம். என்னால் திருப்பிக் கொடுக்க முடியாத பெரிய விஷயம் ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டது போல இருந்தது. அதை இங்கே எழுதிவைக்கிறேன், மறந்துபோகக் கூடாது என்பதற்காக. எஸ்டேட் எங்களை வெளியே அனுப்பியது உண்மை. இந்த வீடு எங்களை வைத்திருப்பதும் உண்மை. ஒன்றுக்காக மற்றதை அழிக்க மாட்டேன்.

ஜனவரி 9, வெள்ளி

பிரின்ஸியிடம் கைஷவர் கதையைச் சொன்னேன். சத்தமாகச் சிரித்துவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்து, "ஐயா, நான் நாலு மாசமா பந்து பந்துன்னு மல்லுக்கட்டறேன், நீங்க குளிச்சே சரிபண்ணிட்டீங்க" என்றார். அமுக்குவது வந்துவிட்டதால் இனித் திருகுவது பழக வேண்டுமாம், அது கடினமாம். "மூடி திறக்கறது, குழாய் திருகறது, இந்த மாதிரி."

பொங்கலோடு ஆறு மாதம் முடிவதைக் கேட்டேன். "அது கணக்குக்குச் சொன்னது. கை காலண்டர் பாக்காது நிரோஷினி."

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா பஸ்ஸில் சொன்னார்: "அந்தச் செவப்புத் திருகத்தான் மூடணும். அத நான் மூடறேன்."

"வலது கையால."

"வலது கையாலதான்."

ஜனவரி 10, சனி

அவர் குளித்த பிறகு அளந்தேன். 34. திருகு அசையவில்லை.

கோபம் வரவில்லை. இடது கையால் மூடியிருந்தால் 52 வந்திருக்கும். ஏமாற்றவில்லை என்பதற்கு 34தான் சாட்சி.

ஜனவரி 12, திங்கள்

35. ஒரு டிகிரி என்றால் திருகு ஒரு நெல்லளவு நகர்ந்திருக்கும்.

அந்தத் தண்ணீரிலேயே குளித்துவிட்டு வேலைக்குப் போனேன். பல் கிடுகிடுத்தது. லேபில் நாள் பூரா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன் என்று பக்கத்து சீட் ரெபேக்கா சொன்னாள். பொய்யாக இருக்கும்.

ஜனவரி 13, செவ்வாய்

37. தெர்மாமீட்டரைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்கப் போனேன். லேப் பொறுப்பாளர் பார்த்துவிட்டார். "அந்த டப்பாவுல ஒண்ணு கொறையுதுன்னு எனக்கு ஒரு மாசமா தெரியும். அப்பா சரியாகட்டும், அப்புறம் வை" என்றார். எத்தனை பேருக்கு எத்தனை தெரிந்திருக்கிறது. நான்தான் ஒன்றும் தெரியாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜனவரி 14, புதன்

போகி. 36. ஒரு டிகிரி பின்னால் போய்விட்டார். நேற்றைய களைப்பாக இருக்கலாம். ஜலீல் பாய் வந்து, சிவப்புத் திருகுக்குப் பதில் லேசாகத் தட்டினாலே மூடிக்கொள்கிற கைப்பிடி மாட்டித் தரட்டுமா என்று கேட்டார். அப்பா வேண்டாம் என்றார். நானும் வேண்டாம் என்றேன். "அப்ப ரெண்டு பேரும் குளிர்ல சாவுங்க" என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். ஆறு மாதம்.

கீழே கிரிஜா அக்கா எங்களுக்கும் சேர்த்துப் பானை வைத்திருக்கிறார். எட்டு மணிக்குள் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஏழு மணிக்கே அப்பா குளிக்கப் போனார். நான் புதுத் துணியை எடுத்து வைத்துவிட்டு, சமையலறைக் குழாயடியில் காலிப் பக்கெட்டையும் தெர்மாமீட்டரையும் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

கைஷவர் சத்தம் விட்டு விட்டுக் கேட்கிறது. அமுக்குகிறார், விடுகிறார். அமுக்குகிறார், விடுகிறார்.

இப்போது நின்றுவிட்டது. இனி திருகு.

குழாயைத் திறந்தேன். 34. பொறுத்தேன். 36. உள்ளே திருகு கிரீச்சிடுகிறது. 38. கிரீச். இதுவரை இவ்வளவு வந்ததில்லை. 41. பக்கெட் பாதி நிறைந்துவிட்டது, நான் குழாயை மூடவில்லை, பக்கெட்டைக் கொட்டிவிட்டு மறுபடி பிடிக்கிறேன். 43. மூச்சு வாங்குவது இங்கே வரை கேட்கிறது. 44. 44. 44.

குளியலறைக் கதவுக்குப் போனேன்.

"அப்பா, நிறுத்தாதீங்க. இன்னும் கொஞ்சந்தான் இருக்கு."

சத்தம் இல்லை.

"எடது கையக் கொண்டு போகாதீங்க, கம்பிய விடாதீங்க. வலது கையாலயே முழுசா மூடுங்க. அப்பா, மூடுங்க."